ஐந்தாவது ஓவர்டைம்

'கான்ஃபரன்ஸ்' என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏ.ஸி. ஹால், மக்கர் பண்ணும் மைக், பதினோரு மணிக்கு சமோசா. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அர்த்தமே வேறு. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் கூட்டுச் சேர்ந்து, வருஷா வருஷம் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் கோஷ்டிக்குத்தான் அங்கே அந்தப் பெயர். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் 'பிளேஆஃப்'. அதில் கோப்பை வாங்கும் டீமுக்கு தேசியப் போட்டிக்கு நேரடி டிக்கெட்!

ஐஸ் ஹாக்கியில் அப்படி ஒரு கோஷ்டி 'ஹாக்கி ஈஸ்ட்'. 1984-ல் ஆரம்பித்தது.

நம் ஹாக்கியை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். இதில் பந்து கிடையாது. 'பக்' என்று ஒரு ரப்பர் வில்லை, சுமார் 170 கிராம். சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு ஆறு பேருக்கு ஆறு பேர். இருபது நிமிஷம் வீதம் மூன்று பாகம். பிளேஆஃபில் சமன் என்ற பேச்சுக்கே இடமில்லை. சமனாக இருந்தால் இன்னொரு இருபது நிமிஷம். அதிலும் கோல் விழவில்லையா, இன்னொரு இருபது. முதல் கோல் விழுந்த நொடி கடையைக் கட்டவேண்டியதுதான்.

2015 மார்ச் 6, வெள்ளிக்கிழமை ராத்திரி. இண்டியானா மாநிலம், சவுத் பெண்ட். உள்ளூர் டீம் நோட்டர் டேம். எதிரே மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகம்... லீக்கில் பன்னிரண்டு டீம்களில் பன்னிரண்டாவது! முதல் ரவுண்டு. மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிக்கவேண்டும்.

அறுபது நிமிஷம் முடிந்தபோது 3-3. ஒரு ஓவர்டைம் போச்சு. இரண்டு போச்சு. மூன்று, நான்கு... ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வண்டியை விட்டு பனித்தரையை வழவழவென்று புதுசாக்கினார்கள். ஆடுகிறவர்களுக்கு அப்படி ஒரு வண்டி கிடையாது.

நள்ளிரவு தாண்டி, ஐந்தாவது ஓவர்டைமில் மாஸசூஸெட்ஸின் ஷேன் வால்ஷ் கோல் போட்டார். 4-3. ஆடிய நேரம் 151 நிமிஷம் 42 விநாடி. கல்லூரி ஹாக்கியில் அதுவரை அவ்வளவு நீண்ட ஆட்டம் நடந்ததே இல்லை. நோட்டர் டேம் கோல்கீப்பர் கேல் பீட்டர்சன், முதல் வருஷ மாணவர், 87 கோல்களைத் தடுத்தும் தோற்றார்.

வீட்டில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"அப்போ கப்பு யாருக்குங்க?" என்றாள் மனைவி.

"கப்பா? அடுத்த ரெண்டு ஆட்டத்தையும் நோட்டர் டேம் ஜெயிச்சு, மாஸசூஸெட்ஸ் ஊருக்குப் போயிடுச்சு. நோட்டர் டேமும் அடுத்த ரவுண்டிலேயே அவுட்."

"இதுக்கா அஞ்சு ஓவர்டைம்? முதல்லயே தோத்திருந்தா நிம்மதியா தூங்கியாவது இருக்கலாம்!"

பி.காம். மூளைக்கும் அதே சந்தேகம்தான். உழைப்பு எக்கச்சக்கம், வரவு பூஜ்யம்.

ஆனால் எனக்குள் வேறொன்று உறுத்தியது. நான் சி.ஏ. இன்டர் நாலு தடவை எழுதினவன். நாலாவது தடவை பதினோரு மார்க்கில் போச்சு. ஐந்தாவது தடவைக்குப் பணம் கட்டவில்லை. 'எழுத்தில்தான் ஆசை, அதனால் விட்டுவிட்டேன்' என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். நல்ல பொய். பத்து வருஷமாக ஓடுகிறது. உண்மை என்னவென்றால், அலுத்துவிட்டது. அவ்வளவுதான்.

கடைசி இடத்து டீம் அலுத்துப்போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அலுக்கவில்லை.

2021-ல் இதே மாஸசூஸெட்ஸ் ஹாக்கி ஈஸ்ட் கோப்பையை வாங்கி, தேசிய இறுதியாட்டத்தையும் 5-0 என்று ஜெயித்தது. அந்த ராத்திரி ஆடியவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. எல்லோரும் படித்து முடித்துப் போயாகிவிட்டது. வரவு வந்தது, வேறு ஆட்கள் பெயரில்!

இதையும் மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இன்டர் பரீட்சைக்கு இப்ப ஃபீஸ் எவ்வளவுங்க?" என்றாள்.

அவசரமாகக் காபி கேட்டேன். காபி வந்துவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் ஓவர்டைமில் இருக்கிறது.