கொன்றவனுக்கும் கண்ணீரா?

'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்' நான்காம் சீசனில் (2016), கைதிகள் அமைதியாகப் போராடும்போது, கறுப்பினப் பெண் பூசே வெள்ளைச் சிறைக்காவலரின் உடல் பாரத்தில் மூச்சுத்திணறிச் சாகிறாள். பார்த்தவர்கள் அழுதார்கள். கூடவே, "அந்தப் பையனும் பாவம், அமைப்பின் பலி" என்றார்கள் பலர்.

சொல்லவைத்தது தொடர்தான். அவள் சாகும் அத்தியாயத்தில் பின்கதை கொன்றவனுக்கு. அவளுடைய நினைவுகள் அடுத்த அத்தியாயத்துக்கு.

இந்த இரக்கம் புதிதா? 2014-இல் எரிக் கார்னரின் கழுத்தை நெரித்த நியூயார்க் காவலர்மீது குற்றம்சாட்டவே நடுவர் குழு மறுத்தது.

தோழர்களே, அமைப்புதான் குற்றவாளி, மறுக்கவில்லை. ஆனால் அமைப்பு தானாக யாரையும் அமுக்குவதில்லை. அதற்குச் சீருடை போட்ட ஓர் உடல் வேண்டும். அந்த உடலை மன்னிக்கும் உரிமையை நமக்கு யார் தந்தது என்றே நான் கேட்கிறேன்.