தலையணையும் ஒரு மருந்தே

அமுக்கம் என்னும் பாடத்தை நாம் இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். தாங்கும் பரப்புக் குறையக் குறைய அமுக்கம் கூடும். பரப்பு விரிய அமுக்கம் குறையும். ஊசி தைப்பதும் ஒட்டகம் மணலிற் புதையாது நடப்பதும் இவ்விதியினாலேயே. வகுப்பிலே இதனை விளக்கிய நாம், எமது வீட்டுக் கட்டிலிலும் அதே விதி ஆட்சி செய்வதை அறியாதிருந்தோம்.

ஈராண்டுகளின் முன் எமது அன்னையார் பாரிசவாதத்தாற் படுக்கையில் வீழ்ந்தார்கள். வாய்ப்பேச்சும் நின்றது. மெத்தை உண்டு; வேளைக்கு உணவும் மருந்தும் உண்டு. கடமையிற் குறைவில்லை என்றே எண்ணினோம். மூன்றாங் கிழமையில், உடல் துடைக்கச் சென்ற தங்கை, இடுப்பின் பின்புறத்தே தோல் உரிந்திருக்கக் கண்டு அழைத்தாள். உடனே கடைக்கு ஓடி, வளைய வடிவான காற்றுத் தலையணை ஒன்றை வாங்கி வந்தோம். நடுத்துளையிற் புண் இருந்தால் எதுவும் அதனைத் தொடாதல்லவா? எமது கெட்டித்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

மறுநாள் வந்த தாதியார் அதனை எடுத்து அப்பால் வைத்தார். "மாஸ்டர், விளிம்பு சுற்றிவர அமுக்கினால் நடுவிலுள்ள தசைக்கு இரத்தம் எப்படிப் போகும்?" என்று கேட்டார். மாணவர் முன் தலை குனியாத நாம் அன்று குனிந்தோம்.

எலும்பு புடைத்த இடங்களிலே தசை குறைவு. குதி, இடுப்பு, கணுக்கால், முழங்கை ஆகியன சிறு பரப்பிற் பெரும் பாரத்தைத் தாங்குகின்றன. நெடுநேரம் அமுங்கிய நுண்குழாய்களில் இரத்தம் ஓடாது. தசை பட்டினியால் மாள்கிறது. புண்ணின் காரணம் இதுவே.

அன்று மாலையே பழைய இலவம்பஞ்சுத் தலையணைகளைப் பிரித்து, அன்னையின் உடலையே அளவாகக் கொண்டு, தங்கை சிறிதும் பெரிதுமாய் ஆறு தைத்தாள். கெண்டைக்கால் நெடுக ஒன்று. குதி மெத்தையைத் தொடாது அந்தரத்தில் நின்றது. முழங்கால்களின் இடையே ஒன்று. முதுகின் பின்னே ஒன்றை வைத்து உடலை 30 பாகை அளவே சரித்தோம். முற்றாகப் பக்கவாட்டிற் கிடத்தினால் இடுப்பெலும்பு அழுந்தும். தலைப்பக்கத்தை மிக உயர்த்தவுமில்லை. உயர்த்தினால் உடல் வழுக்கித் தோலை இழுக்கும்.

ஆயினும் தலையணை தானே நோயாளியைத் திருப்பாது. 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையிலே, முள்ளந்தண்டு முறிந்த போர்வீரர்களைப் பொறுப்பேற்றார் வைத்தியர் லுட்விக் குட்மன். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை அவர்களைத் திருப்பிக் கிடத்தச் செய்தார். முன்பு அத்தகையோரிற் பலர் படுக்கைப்புண்ணாலே மாண்டனர். அவர் பராமரிப்பிற் பலர் பிழைத்துத் தொழிலுக்கும் திரும்பினர். எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவதென்பது நோயாளியையும் மெத்தையையும் பொறுத்தது. வைத்தியரையோ தாதியையோ கேட்டறிதல் நன்று.

நாள்தோறும் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் வெளிறாவிடின் அது எச்சரிக்கை. எம்மவரின் கரிய மேனியிற் சிவப்புத் தெரியாது போகலாம். ஆகவே சூடும் கடினமும் உண்டோ எனத் தொட்டுப் பாருங்கள். அவ்விடத்தைத் தேய்க்காதீர்கள். தோல் உரிந்தால் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

இரவு இரண்டு மணிக்கு எழும்புவது முதலிற் கடினமாகவே இருந்தது. விளக்கை ஏற்றினால் அன்னையார் விழித்தபடி கிடப்பார்கள். நோகிறது என்று சொல்ல வாயில்லாத அவர், முன்னைய இரவுகளிலும் இவ்வாறே விழித்திருந்திருப்பார் என்னும் நினைவு எம்மை இன்றும் வருத்துகின்றது.

புண் ஆற இரண்டு மாதஞ் சென்றது. கடந்த பங்குனியில் அவர் எம்மை விட்டு நீங்கினார். இறுதியாக நீராட்டிய பெண்கள், மேனியில் ஒரு புண்ணுமில்லை என்றார்கள். எமக்கு அதுவே ஆறுதல்.