ஸ்லிங்கைக் கழற்றிய பிறகு



வீட்டில் ஒருவருக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டால், ஏற்பாடுகளில் நாம் குறை வைப்பதில்லை. எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும், ராத்திரி துணைக்கு யார் தங்குவது, சாப்பாடு யார் கொண்டுபோவது என்று எல்லாவற்றையும் பேசி வைத்துவிடுவோம். ஆனால் ஆபரேஷன் ஆன மூன்றாவது மாதம் அந்த வீட்டில் குக்கரை இறக்கி வைப்பது யார் என்று பேசியிருக்கிறோமா?

இந்த முறை அந்த மூன்றாவது மாதத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. அதனால்தான் கையை இத்தனை பக்கம் சுழற்ற முடிகிறது. கை எலும்பின் உருண்டைத் தலையை அந்தக் குழியில் பிடித்து நிறுத்துபவை நான்கு தசைகளும் அவற்றின் தசைநார்களும். இந்தக் கூட்டத்தைத்தான் டாக்டர்கள் ‘ரொட்டேட்டர் கஃப்’ என்கிறார்கள். பைக்கிலிருந்து விழுந்து கையை ஊன்றினால் இது கிழியலாம். ஓர் அடியும் படாமல், வயதாக ஆக நைந்தும் கிழியலாம். கிழிந்த எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. பயிற்சியிலேயே சமாளித்துவிடுபவர்கள் நிறைய பேர். தேவைப்படுகிறவர்களுக்கு இப்போது பெரும்பாலும் சாவித்துவார முறைதான். எலும்பில் சின்னச் சின்ன ஆங்கர்களைப் பதித்து, அவற்றிலிருந்து வரும் நூலால் தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இங்கேதான் நாம் ஒரு விஷயத்தைக் கோட்டை விடுகிறோம். டாக்டர் தைத்தது நூலால். அந்த நூல் தசைநாரை எலும்பின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தசைநாரும் எலும்பும் ஒட்டி வளர வேண்டிய வேலையை உடம்புதான் செய்ய வேண்டும். ஓரளவு ஒட்டவே ஏறக்குறைய 12 வாரம். பழைய பலம் வர 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகலாம். வலியோ, அதற்கு வெகு முன்னாலேயே குறையத் தொடங்கிவிடும். ‘வலி போய்விட்டது, குணமாகிவிட்டது’ என்ற நம் வீட்டுக் கணக்கு தோள்பட்டை விஷயத்தில் செல்லாது.

மாடிக்குத் தளம் போட்ட மறுநாள் தொட்டுப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். அதற்காக யாராவது அன்றைக்கே சென்ட்ரிங்கைப் பிரிப்பார்களா? மேஸ்திரி சொன்ன நாள் வரை தண்ணீர் விட்டுக் காத்திருக்கிறோம். மேஸ்திரி பேச்சைக் கேட்கிற நாம் பிசியோதெரபிஸ்ட் பேச்சைக் கேட்க மட்டும் ஏன் யோசிக்கிறோம்?

முதல் 4-6 வாரம், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக, கை ‘ஸ்லிங்’ எனும் தொங்கல் கட்டில் இருக்கும். தூங்கும்போதும் போட்டுக்கொள்ளத்தான் சொல்வார்கள். மட்டமாகப் படுத்தால் வலி கூடும் என்பதால் சாய்வு நாற்காலியிலோ, முதுகுக்கு நாலைந்து தலையணை வைத்தோ தூங்குவது பலருக்குச் சௌகரியம். ஆபரேஷன் அன்று இன்னொரு விஷயம். தோளுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் சாயங்காலம் நோயாளி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருப்பார். அது தெளியும்போது வலி சுள்ளென்று இறங்கும். பெரும்பாலும் நடு ராத்திரியில். வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடாமல், முன்னதாகவே எப்போது போட வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லிங் போட்டிருந்தாலும் விரல், மணிக்கட்டு, முழங்கையை ஆரம்பத்திலிருந்தே அசைக்கச் சொல்வார்கள். பிறகு டாக்டர் சொல்லும் நாளில், குனிந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல ஆட்டி அந்த ஆட்டத்திலேயே கையை ஊசலாட விடும் பயிற்சி. இதை ‘கோட்மேன் பயிற்சி’ என்பார்கள். எர்னஸ்ட் அமோரி கோட்மேன் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து சர்ஜன். 1934-இல் தோள்பட்டைக்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதியவர். எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு போட்டு, சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகாவது ‘இப்போது எப்படி இருக்கிறார்’ என்று பார்த்து எழுத வேண்டும், ஆஸ்பத்திரிகளெல்லாம் அப்படிச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். கூட இருந்த டாக்டர்கள் அதை ரசிக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா!

நாம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ‘சக்ஸஸ்’ என்ற வார்த்தையைக் கேட்டதுமே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்துவிடுகிறோம். கோட்மேன் இருந்திருந்தால் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லியிருப்பார்.

சரி, ஸ்லிங்கைக் கழற்றும் நாளுக்கு வருவோம். இனிமேல்தான் ஜாக்கிரதை அதிகம் தேவை என்பது என் கட்சி.

ஸ்லிங் போட்டிருக்கும் வரை வீடே பார்த்துக்கொள்கிறது. “அம்மாவுக்குக் கை முடியல” என்று பிள்ளைகள் தட்டைக் கழுவி வைக்கிறார்கள். கணவர் காபி போடுகிறார். ஸ்லிங்கைக் கழற்றிய மறுநாளே எல்லாருடைய உதவியும் ஒரே நேரத்தில் முடிந்துவிடுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரிகிற கட்டு போய்விட்டது, அதனால் நோயும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார். மாவு நிறைந்த கிரைண்டர் பாத்திரம், பரணில் இருக்கும் பித்தளை அண்டா, 20 லிட்டர் தண்ணீர் கேன், மாடிக் கொடியில் ஈரப் போர்வை என்று ஒவ்வொன்றும் தன்னைக் கூப்பிடுவதாக அவருக்குத் தோன்றும். ஆனால் டாக்டர் கணக்கில் அது, இன்னொரு கையின் துணையோடு அந்தக் கையை மெல்லத் தூக்கிப் பழகத் தொடங்கும் காலம் மட்டுமே. கோலைப் பிடித்துத் தூக்குவது, கதவில் கப்பி மாட்டிக் கயிறு இழுப்பது, சுவரில் விரலால் மேலே ஏறுவது என்று போகும். ரப்பர் பேண்டு, எடை எல்லாம் பொதுவாக 12 வாரத்துக்குப் பிறகுதான். கிழிசல் பெரிதென்றால் இன்னும் தள்ளிப்போகும். தைத்த இடம் மறுபடி விட்டுப்போகும் ஆபத்து அதிகமுள்ள காலமும் இந்த முதல் சில மாதங்கள்தான்.

ஆண்கள் வேறு ரகம். ஸ்லிங்கோடு பைக்கை எடுத்துக்கொண்டு டீக்கடை வரை போய் வருவார்கள், ‘பக்கத்தில்தானே’ என்று. டாக்டர் சரி சொல்லும் வரை ஸ்கூட்டரும் வேண்டாம், காரும் வேண்டாம். டவுன் பஸ்ஸில் அந்தக் கையால் மேல்கம்பியைப் பிடித்து நிற்கவும் வேண்டாம். டிரைவர் ஒரு பிரேக் போட்டால் போதும்.

இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. “கையை அசைக்காதே, நான் ஊட்டிவிடறேன்” என்று பாசத்தில் மூட்டை இறுக விட்டுவிடுவார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் காயம் ஆறுவதும் தாமதமாகும். சிகரெட்டும் ஆறுவதைக் கெடுக்கும். பயிற்சி செய்தால் வலிக்கிறது என்று நடுவில் நிறுத்திவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலித்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பயப்பட வேண்டியதில்லை. வெட்டுகிற மாதிரி வலித்தாலோ, ராத்திரி தூங்கவிடாமல் தொடர்ந்தாலோ பிசியோவிடம் உடனே சொல்லுங்கள். அவர் அளவைக் குறைப்பார். காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ், கை வீங்குவது, திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போவது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சொந்தக்காரர் யாராவது எண்ணெய் போட்டு நீவி, ‘சுளுக்கு எடுத்து’விட முன்வந்தால், காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவையுங்கள். தைத்த தோளை யாரும் இழுக்கக் கூடாது.

செலவைப் பேசாமல் இருக்க முடியுமா? ஆபரேஷனுக்குக் கை கொடுக்கும் இன்ஷூரன்ஸ் பல சமயம் பிசியோதெரபிக்கு வரும்போது கையை விரித்துவிடுகிறது. ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையிலான செலவைத்தான் அதில் கேட்க முடியும். பலம் ஏற்றும் பயிற்சி தொடங்க 12 வாரம் முடியும்போது 80 நாள் தாண்டியிருக்கும்! எனவே உங்கள் பாலிசியில் எத்தனை நாள், பிசியோதெரபி அடங்குமா, டாக்டர் சீட்டு வேண்டுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் நிலைமைக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

தினமும் போய்வர வசதிப்படாதவர்கள் மனம் தளர வேண்டாம். இதில் பெரும்பகுதி வீட்டில் செய்வதுதான். பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டம் படித்த ஒருவரிடம் சரியாகக் கற்றுக்கொண்டு, அவர் அனுமதியோடு செல்போனில் வீடியோ எடுத்துவைத்து, நாளுக்குச் சில தடவை விடாமல் செய்தாலே பாதி ஜெயித்த மாதிரி. யூடியூபில் யாரோ செய்வதைப் பார்த்துச் செய்வது வேறு. அவருடைய கிழிசலும் உங்களுடையதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. சட்டையோ நைட்டியோ, போடும்போது ஆபரேஷன் ஆன கையை முதலில் நுழைத்துக்கொள்ளுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோவது பெரும்பாலும் கடைசியாகத்தான் திரும்பக் கிடைக்கும். பின் கொக்கி ரவிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு, முன்பக்கம் திறக்கிற மாதிரி நாலைந்து தைத்துக்கொள்ளுங்கள். ஜடை பின்னுவதற்கு மகளையோ மருமகளையோ கூப்பிடக் கூச்சம் வேண்டாம்.

நம் வாசகர் வீடுகளில், ஸ்லிங் கழன்ற பிறகும் சமையலறையை விட்டு வெளியே வராத கணவர்கள், மகன்கள் யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எத்தனை மாதம் தாக்குப்பிடித்தார்கள், என்ன சமைத்தார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். போட்டோவோடு போடுகிறோம். ரசம் மட்டும் வேண்டாம், ஆண்கள் அனுப்பும் குறிப்புகளில் அது ஏற்கெனவே நிறைய சேர்ந்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்