புகை வந்தாலே ரீபோரா?



பழைய காரில் நீலப் புகை வந்தால் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு "பிஸ்டன் ரிங் போச்சு, ரீபோர் பண்ணிடலாம்" என்று சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் ஒரு காலத்தில் ரேஸ் ஓடிய வண்டி என்றால் இது அநியாயம்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன், தன் அப்பா 70களில் சோழவரத்தில் ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வெளியே எடுத்திருக்கிறான். இருபது வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி. அவனுக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே தீர்ப்புதான். (வாத்தியாருக்கு இன்ஜின் எதற்கு என்று கேட்காதீர்கள். என் அண்ணன் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர். சாப்பாட்டு நேரத்தில்கூட இதே பேச்சுதான்.)

புகை எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து அடங்கினால், அல்லது ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால், வால்வு கைடு மேல்தான் சந்தேகம். ஏற்றத்தில், முழு இழுவையில் தொடர்ந்து வந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அங்கேயும் புகை தள்ளினால், ரிங்கைப் பார்க்க வேண்டும்.

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜினைச் சூடாக்கி, காயில் ஒயரைக் கழற்றி, நாலு பிளக்கையும் எடுத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். பிஸ்டனை மேலே நிறுத்தி பிளக் துளை வழியாகக் காற்று அடித்தால் இன்னும் தெளிவாகும்: ஆயில் மூடியில் 'உஸ்' என்றால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

ரிங் என்றே தெரிந்தாலும் அது உடைந்ததா, ஒட்டிக்கொண்டதா என்பது தனிக் கேள்வி. ரேஸில் ஓடும்போது நாக்கிங்கினாலும், இடைவெளி போதாமல் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்வதாலும் ரிங் உடையும். சும்மா நின்ற வண்டியில் பெரும்பாலும் கரி பிடித்துக் காடியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை ஆயிலில் ஊறவைத்தே சில நேரம் விடுவித்துவிடலாம்.

ரீபோரில் சீவிய இரும்பு திரும்பி வராது. ஹெரால்டின் 948 சிசி இன்ஜினுக்குப் போர் 63 மி.மீ.தான். நாலைந்து தடவை சீவ அதில் இடம் ஏது? பிறகு லைனர்தான். புது பிளாக் வாங்கலாம் என்றால் அந்தக் கம்பெனியே இல்லை.

நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949 முதல் ஆட்டோமொபைல் பாடம் இருக்கிறது. வருஷத்தில் ஒரு சனிக்கிழமை பழைய வண்டிக்காரர்களை உள்ளே அழைத்து, பிள்ளைகள் கையில் ஒரு கம்ப்ரஷன் கேஜைக் கொடுத்தால் என்ன? அங்கே படித்த என் மாணவர்கள் யாராவது கேட்டுப் பாருங்களேன்.