போதும் என்ற பீர்

பெல்ஜியத்தில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். 2005-ல் ஓர் இணையதளத்தின் ரசிகர்கள் அவர்களது '12' என்ற பீரை உலகிலேயே சிறந்தது என்று தேர்ந்தெடுத்தார்கள். மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின, இருப்பும் தீர்ந்தது. வேறு யாராவது என்றால் இன்னொரு ஆலை கட்டியிருப்பார்கள்! துறவிகளோ, மடத்துச் செலவுக்கு வேண்டிய அளவுதான் காய்ச்சுவோம் என்று சொல்லிவிட்டார்கள். 2012-ல் ஒருமுறை கூடுதலாக விற்றார்கள். அதுவும் மடத்தைப் புதுப்பிக்கத்தான்.

அரிய பீரைத் தேடி அலைபவர்களும், மதிப்பெண் போடுபவர்களும், வாங்கி அதிக விலைக்கு விற்பவர்களும் உண்டு. ஆனால் அதன் ருசி யாருக்குத் தெரியும்? மடத்துக்கு எதிரே உள்ள உணவகத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஒரு கோப்பையை நிதானமாகக் குடிப்பவருக்குத்தான். அதில் ஆல்கஹால் 10 சதவீதத்துக்கும் மேல், ஆகவே ஒரு கோப்பையே தாராளம்.

மாலை வெயில், நண்பரின் பேச்சு, கொஞ்சம் பசி... இவற்றில் ஒன்றாக இருக்கும்வரைதான் பீர் இன்பம். அதுவே எல்லாமாகிவிட்டால் தாகம்தான் மிச்சம்!