வயிறு எரிகிறதா? யாரைப் பார்த்து?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வைத்தியம் பார்க்கிறவன் நான். நாடி பிடிக்கக் கையை நீட்டும்போதே பலர் ஆரம்பித்துவிடுகிறார்கள்: "இந்த வடநாட்டுப் பசங்க வந்தப்புறம் ஊரே கெட்டுப்போச்சு சார்!"

பீகார், ஒடிசாவிலிருந்து வந்து இரும்பு ஆலைகளில் வேலை செய்யும் பையன்களைத்தான் சொல்கிறார்கள். பான் துப்புகிறார்கள், போனில் கத்துகிறார்கள், ஒரே அறையில் பத்து பேர் தங்குகிறார்கள்... பட்டியல் நீளும்.

துப்புவது தப்புதான். யார் துப்பினாலும் தப்பு. ஆனால், தப்பு கடுகளவும் கோபம் பூசணிக்காய் அளவும் இருந்தால், மீதிக் கோபம் எங்கிருந்து வருகிறது?

ஒரு சூப்பர்வைசர். ஐம்பதை நெருங்கும் வயது. தீராத நெஞ்செரிச்சல், தூக்கமில்லை. பேச்சும் அந்தப் பையன்களைப் பற்றித்தான். "அவங்ககிட்ட உங்களுக்கு ரொம்பப் பிடிக்காதது எது?" என்று கேட்டேன்.

"முதலாளி எது சொன்னாலும் தலையாட்டுறானுங்க டாக்டர். பன்னிரண்டு மணி நேரம் வேலைன்னாலும் 'ஜீ, ஜீ'ன்னு நிக்கிறானுங்க. முதுகெலும்பே கிடையாது!"

பக்கத்திலிருந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: "இவர் மட்டும் என்னவாம்? பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குக்கூட லீவு கேக்க வாய் வரலை."

மனிதர் வாயடைத்துப்போனார். எரிச்சலின் இடத்தை நாடியைவிட அந்த அம்மாள் சரியாகக் காட்டிவிட்டார். ஏலாதி சூரணம் கொடுத்து, ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். ஆனால் பாதி வைத்தியம் அந்த அம்மாள் செய்ததுதான்.

சுவிட்சர்லாந்து மனோதத்துவ நிபுணர் கார்ல் யுங் (1875-1961) இதற்கு 'நிழல்' என்று பெயர் வைத்தார். நம்மிடமே இருந்தும், 'சேச்சே, இது நானில்லை' என்று நாம் ஒளித்து வைக்கும் குணங்கள். ஒளித்தால் போய்விடுமா? அடுத்தவன் முகத்தில் வந்து நிற்கும்.

எங்கள் சித்த மருத்துவத்துக்கு இது புதிதல்ல. கல்லூரியில் 96 தத்துவங்களை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். கண், காது, மூக்கு வரும் அதே கணக்கில்தான் காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாச்சரியம், இடும்பை, அகங்காரம் என்ற எட்டும் வருகின்றன. 'கெட்டவர்களுக்கு மட்டும்' என்ற குறிப்பு எங்கும் கிடையாது. மாச்சரியம் என்றால் பொறாமை. அது எனக்குத் துளியும் இல்லை என்பவருக்கு 95 தான் தேறும்!

இருப்பதை ஒத்துக்கொள்வது வேறு, அவிழ்த்துவிடுவது வேறு. காது இருக்கிறதே என்று தெருவில் போகிற வம்பையெல்லாம் கேட்டுக்கொண்டா நிற்கிறோம்?

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். நாமும் ஒரு காலத்தில் 'வெளியூர்ப் பசங்க'தான். 1966-ல் பம்பாயில் சிவசேனா தொடங்கிய நாட்களில், 'மதராஸிகள் வேலையைப் பறிக்கிறார்கள்' என்று கூச்சல். நம் லுங்கியைக்கூடக் கேலி செய்தார்கள். தாராவியில் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்து, ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்கள் நம் சித்தப்பா, பெரியப்பாக்கள்தானே? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. அங்கே எத்தனை அம்மாக்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்களோ!

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். மகளின் பிடிவாதம் தாங்கவில்லை என்று வருகிற தாயிடம், "நீங்க சின்ன வயசுல எப்படிம்மா?" என்று கேட்டால் போதும், சிரித்துவிடுவார்.

யாரைப் பார்த்தால் உங்களுக்கு அளவுக்கு மீறிப் பற்றிக்கொண்டு வருகிறதோ, அவரிடம் பிடிக்காத குணம் ஒன்றை ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அதையே நீங்கள் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், கிழித்துப் போடலாம். உடனே ஒன்றும் தோன்றாது; இரண்டு நாள் பொறுங்கள்.

படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் தாளோடு நிற்காதீர்கள். ரத்த அழுத்தத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.