குரலோடையும் படவோடையும்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் கலைந்து அனைவரும் காப்பி அருந்திக் கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் நம்மை ஒருபுறமாக அழைத்துச் சென்று தம் மனக்குறை ஒன்றைக் கூறினார். ஊரில் அவருடைய தந்தையாருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கவிருந்தது. அதற்கு முதல்நாள் மாலை இருவரும் கைபேசியில் முகம் பார்த்துப் பேசிக் கொண்டிருந்தனர். திடீரெனத் தந்தையாரின் முகம் திரையில் சிலைபோல் நின்றுவிட்டது. குரல் மட்டும், ‘தம்பி, கேட்கிறதா?’ என்று வந்துகொண்டிருந்தது. அழைப்பு பழுதாயிற்று என்று கருதிய அன்பர் அதைத் துண்டித்துவிட்டு மீண்டும் அழைத்தார். அன்றிரவு முழுவதும் தொடர்பு கிட்டவில்லை. மறுநாள் சிகிச்சை நன்கு முடிந்தது. தந்தையார் நலமாக இருக்கிறார். ஆயினும், ‘அப்பா ஏதோ சொல்ல வந்தார், நான் பாதியில் வெட்டிவிட்டேன்’ என்னும் உறுத்தல் அன்பரை விட்டு நீங்கவில்லை. ‘முகம் நின்ற பிறகும் குரல் எவ்வாறு வந்தது, ஐயா?’ என்று கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிற்கும் ஊரோடு உள்ள உறவு இன்று இந்தச் சிறு திரையின் வழியாகவே நடைபெறுகிறது. ஆகவே இம்மாதம் அதன் உள்ளமைப்பைச் சிறிது ஆராய்வோம்.

டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்த காலத்தில், ஓர் அழைப்பு என்றால் ஒரு தடம். அதில் ஒரு பேச்சு. தடம் அறுந்தால் பேச்சும் அறும். அந்தப் பழைய எண்ணம் இன்னும் நம் மனத்தில் இருக்கிறது. இன்றைய படஅழைப்போ ஒரு தடம் அன்று. குரல் தனியே சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது. பெரும்பாலும் 20 மில்லி செகண்டுப் பேச்சுக்கு ஒரு பொட்டலம், அதாவது ஒரு வினாடிக்கு 50 பொட்டலங்கள். படம் வேறு பொட்டலங்களாக வருகிறது. ஒன்று குரலோடை, மற்றொன்று படவோடை. ஒரே ரயிலில் ஏற்றப்பட்ட இரு குடும்பத்தார் மூட்டைகளைப்போல இரண்டும் ஒரே வானலையில் கலந்து பயணம் செய்கின்றன.

கலந்து வருபவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? ரயில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுவதுபோல ஒவ்வொரு பொட்டலத்திற்கும் ஒரு தலைப்புச் சீட்டு உண்டு. ஆர்.டி.பி. என்னும் நெறிமுறை இதனை வகுத்துள்ளது. 1996-இல் வெளிவந்த இந்நெறி 2003-இல் திருத்தம் பெற்றது. சீட்டில் நான்கு குறிப்புகள் முக்கியமானவை: உள்ளே இருப்பது எவ்வகைச் சரக்கு என்னும் எண், பொட்டலத்தின் வரிசை எண், அது எந்த நொடிக்கு உரியது என்னும் நேரக்குறி, எந்த ஓடையைச் சேர்ந்தது என்று கூறும் மூல எண். இம்மூல எண் 429 கோடிக்கு மேற்பட்ட எண்களிலிருந்து குருட்டாம்போக்கில் பொறுக்கப்படுவது. குரலுக்கு ஒன்று, படத்திற்கு வேறொன்று. அருமையாக இரு மூலங்கள் ஒரே எண்ணை எடுத்துவிட்டால், ஒன்று தன் எண்ணை மாற்றிக் கொள்ளும்.

இரு ஓடைகளின் கடிகாரங்களும் வெவ்வேறு. தெளிந்த குரலுக்குரிய கடிகாரம் வினாடிக்கு 16,000 முறை அடிக்கும்; படத்தின் கடிகாரம் 90,000 முறை அடிக்கும். அப்படியாயின் உதடும் சொல்லும் பொருந்துவது எப்படி? இடையிடையே ஒவ்வோர் ஓடையும் ஒரு சிற்றறிக்கை அனுப்பி, தன் நேரத்தைப் பொதுவான நேரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுகிறது. அதைக் கொண்டு நம் கைபேசி இரண்டையும் இணைத்துக் காட்டுகிறது.

பெறுகிற கைபேசி பிரித்தறிந்தால் மட்டும் போதாது. இடையிலுள்ள வலையமைப்பும் முன்கூட்டியே அறிந்திருந்தால்தான் குரலுக்கு வழிவிட முடியும். வலையமைப்பே நேரில் நடத்தும் அழைப்பில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. பேச்சுத் தொடங்குமுன்னரே இரு கைபேசிகளும் ஓர் உடன்படிக்கை எழுதிக் கொள்கின்றன. அதில் ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு வரி. ‘இது குரல், இந்த வாயில் எண்ணில் வரும்’ என்று ஒரு வரி. ‘இது படம், அந்த வாயிலில் வரும்’ என்று அடுத்த வரி. எத்தனையாவது வரியோ அதுவே அந்த ஓடையின் எண். வலையமைப்பின் வாயிற்காவலன் போன்ற கணிப்பொறி இதைப் படித்து, விதி வகுக்கும் கணிப்பொறிக்கு, ‘முதலாவது குரல், இரண்டாவது படம்’ என்று அறிவிக்கிறது. விதி வகுப்பது, முகவரியையும் வாயில் எண்ணையும் அடையாளமாகக் கொண்டு, இன்ன பொட்டலம் இன்ன பாதையில் செல்க என்று ஆணையிடுகிறது. 3ஜிபிபி என்னும் உலகக் கூட்டமைப்பு வகுத்த முறை இது. 1998-இல் தோன்றிய அக்கூட்டமைப்பில் இந்தியாவின் சார்பில் டி.எஸ்.டி.எஸ்.ஐ. அங்கம் வகிக்கிறது.

4ஜி வலையமைப்பின் பாதை விதிகளைப் பாருங்கள். குரல் 100 மில்லி செகண்டுக்குள் வலையமைப்பைக் கடக்க வேண்டும். நூற்றில் ஒரு பொட்டலம் தவறினும் பாதகமில்லை. படத்திற்கு 150 மில்லி செகண்டு வரை தவணை. ஆனால் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் தவறலாகாது. முன்னுரிமை வரிசையில் அழைப்பை இணைக்கும் செய்திகளுக்கு முதலிடம், குரலுக்கு இரண்டாமிடம், படத்திற்கு நான்காமிடம். 5ஜி-யிலும் குரல் படத்திற்கு முந்தியதே.

குரலுக்கு இழப்பு ஏன் அதிகம் அனுமதிக்கப்படுகிறது? 20 மில்லி செகண்டுத் துணுக்கு ஒன்று காணாமற் போனால் நம் செவி அதை இட்டு நிரப்பிக் கொள்ளும். படமோ, முந்திய காட்சியிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே அனுப்பும் முறையில் ஓடுவது. ஒரு துண்டு கெட்டால் அதைத் தொடரும் காட்சிகளும் கெடும். ஆகவே அலை வலு குன்றும்போது படவோடை முதலில் தேங்குகிறது. குரலோடை இடுக்கு வழியிலும் நழுவி வந்துவிடுகிறது. அன்பருடைய தந்தையாரின் முகம் நின்றது இவ்வாறே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். இணையச் செயலிகளின் வழியாகப் பேசும்போது மேற்கூறிய பாதை உரிமை பொதுவாகக் கிட்டுவதில்லை. அங்கே பொட்டலங்கள் மறைகுறியாக்கப்பட்டுள்ளன; குரலும் படமும் பல செயலிகளில் ஒரே வாயில் வழியாகச் செல்கின்றன. எது எது என்று அறிவன இரு முனையிலும் உள்ள செயலிகளே. வலையமைப்புக்கு அவை யாவும் பொதுச் சரக்கு. அண்டை வீட்டார் பார்க்கும் திரைப்படத்தோடு ஒரே பாதையில் நெருக்குண்டு வரவேண்டும். ஆயினும் செயலியும் நெருக்கடியை உணர்ந்தால் பெரும்பாலும் படத்தைக் குறைத்துக் குரலைக் காக்கவே முயலும்.

இதிலிருந்து நம் குடும்பங்கள் கைக்கொள்ள வேண்டியவை சில. முகம் நின்றால் அழைப்பைத் துண்டிக்க வேண்டாம்; குரல் வருகிறதா என்று செவிமடுங்கள்; உங்கள் பக்கத்துப் படத்தை நிறுத்துங்கள்; மறுபுறத்தாரையும் நிறுத்தச் சொல்லுங்கள். விடுபட்ட இடம் குரலுக்குக் கிட்டும். மருத்துவமனை, அவசரம் போன்ற வேளைகளில் செயலியை விட்டுச் சாதாரண எண் அழைப்பையே நாடுங்கள். இரு கைபேசிகளிலும் 4ஜி குரலழைப்பு வசதி இயக்கத்தில் இருக்கட்டும். அதற்காகக் கோபுரமே எட்டாத இடத்தில் அது அற்புதம் செய்யும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு நுட்பமும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது. வலையமைப்பு நடத்தும் அழைப்பில் படத்தை விலக்கினால், உடன்படிக்கையிலுள்ள அதன் வரி அழிக்கப்படுவதில்லை. வாயில் எண் மட்டும் சுழியம் ஆக்கப்படும். வரிசை குலையாது; படம் திரும்பி வந்தால் அதே இடத்தில் அமரலாம். வெளியூர் சென்ற பிள்ளையின் பெயரைக் குடும்ப அட்டையில் விட்டுவைக்கும் பெற்றோரைப்போல என்று எண்ணிக் கொண்டோம்.

இவற்றையெல்லாம் அன்பருக்கு எடுத்துரைத்தோம். அவர் அன்று மாலையே ஊருக்குச் சாதாரண அழைப்பில் பேசினாராம். ‘அன்று என்ன சொல்ல வந்தீர்கள், அப்பா?’ என்று கேட்டதற்குக் கிடைத்த விடை இது: ‘ஒன்றுமில்லை, தம்பி. அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, குழந்தைக்குக் காதை மூடிக் கட்டிவிடச் சொல்லலாம் என்று பார்த்தேன்.’